கொல்லிமலையின் பழைய ஒரு அங்குல வரைபடம்: ஆண்டும் பாதைக் குறிகளும் தெரிந்தவர்கள் உதவுங்கள்

கேள்வி: வளப்பூர்நாட்டான்

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கொல்லிமலையில் வளப்பூர் நாடு. பிழைப்பு நாமக்கல்லில். துறையூரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது எடைக்குப் போகவிருந்த காகிதக் கட்டிலிருந்து நண்பர் ஒருவர் ஒரு வரைபடத்தை உருவி எடுத்து, "இது உங்கள் மலைதானே?" என்று என்னிடம் கொடுத்தார். எங்கள் மலையேதான்.

தாளைப் பதினாறு துண்டாக வெட்டி, துண்டுகளுக்கு நடுவே சிறிது இடைவெளி விட்டுத் துணியில் ஒட்டியிருக்கிறார்கள். மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. வலது மேல் மூலையில் 58 ஐ/7 என்று எண். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவுகோலில் பாதி தெரிகிறது. கீழ் விளிம்பின் பெரும்பகுதி கிழிந்து போய்விட்டதால் ஆண்டு எங்கும் இல்லை.

மலை முழுவதும் பழுப்புக் கோடுகள் விரல்ரேகை போல நெருங்கி ஓடுகின்றன. ஓடைகள் நீலம், காடு பச்சை, பாதைகள் சிவப்பு. இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலை இதில் இல்லவே இல்லை. ஓடைக்கரையில் ஓர் இடத்தில் 8 என்று எழுதிப் பக்கத்தில் 'ஆர்' என்ற சிறிய ஆங்கில எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். அதன் பொருள் புரியவில்லை. எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பாக இருப்பது, மலையின் குறுக்கே அகல அகலமான எழுத்தில் 'ட்ரிச்சினோபொலி' என்று ஆங்கிலத்தில் இருப்பதுதான். எங்கள் தாத்தா காலத்திலிருந்து சேலம் மாவட்டம் என்றே கேள்விப்பட்டிருக்கிறேன். 1997-இல் நாமக்கல் மாவட்டம் ஆனோம். திருச்சி எங்கிருந்து வந்தது?

இதை நான் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. கிழக்கே புளியஞ்சோலையிலிருந்து அறப்பளீசுவரர் கோயிலை நோக்கி ஒரு சிவப்புக் கோடு ஏறுகிறது. மேற்குச் சரிவிலும் இப்படிச் சில கோடுகள் உண்டு. எங்கள் பெரியவர்கள் மிளகும் பலாவும் சுமந்து இறங்கிய வழிகள் இவை. இன்று பலவும் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன; சிலவற்றில் நடக்கவே தயக்கம். வன உரிமைச் சட்டத்தின்கீழ் சமூக உரிமை கோரிக் கிராம சபையில் மனு தயாராகிறது. இந்தத் தாளை அதில் ஆதாரமாகச் சேர்க்கலாமா? அதற்கு முன் இதன் வயதையும், இது சொல்வதில் எதை நம்பலாம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதில்: பழந்தாள்

முதலில் தாளைக் காப்பாற்றுங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். செல்லோடேப் ஒட்டவும் கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளை அரித்துவிடும். கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் கேட்க வேண்டாம்.

துணியில் ஒட்டி மடிக்கும்படி செய்த படம் என்றால் அது அலுவலகச் சுவரில் தொங்கியது அல்ல, களத்துக்கு எடுத்துச் சென்றது. மடிப்பில் மை அழியக் கூடாது என்பதற்காகத்தான் துண்டுகளுக்கு நடுவே அந்த இடைவெளி. விரித்து, மேலே கனமான கண்ணாடி வைத்து, பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து படமெடுங்கள். பெரிய ஸ்கேனர் கிடைத்தால் அங்குலத்துக்கு 400 புள்ளி போதும். பிறகு அசலை மடிக்காமல் தட்டையாக வையுங்கள். விளிம்பில் எஞ்சியிருக்கும் சின்னச் சின்ன எழுத்துகளைத் தனியாகப் பெரிதாக்கி எடுங்கள். ஆண்டு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பதில்: சங்கிலிக்காரர்

தம்பி, வணக்கம். மாநில நில அளவைத் துறையில் சர்வேயராகச் சேர்ந்து அதிலேயே ஓய்வு பெற்றவன் நான். சேலம், நாமக்கல் பக்கத்து மலையடிவாரக் கிராமங்களில் நிறைய நடந்திருக்கிறேன். உங்கள் கேள்வி எனக்கு மிகவும் வேண்டிய கேள்வி, விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் துறை அளந்தது வயலுக்கு வயல். பழைய கிராம வரைபடம் ஒரு மைலுக்கு 16 அங்குலம், அதாவது ஓர் அங்குலத்தில் 5 சங்கிலி. சங்கிலி என்றால் 66 அடி. உங்களிடம் இருப்பது மத்திய அரசின் அளவை நிறுவனமான சர்வே ஆஃப் இந்தியா தயாரித்த டோப்போ ஷீட், அதாவது மலை, ஓடை, பாதை எல்லாம் காட்டும் நிலத்தோற்ற வரைபடம். அதில் ஓர் அங்குலத்துக்குள் 80 சங்கிலி அடங்கும். எங்கள் படத்தில் வரப்பு தெரியும், மலை தெரியாது. அவர்கள் படத்தில் மலை தெரியும், வரப்பு தெரியாது. எதை எதற்கு ஆதாரமாக்கலாம் என்பது இதிலேயே பாதி முடிந்துவிடுகிறது.

எண்ணை எடுத்துக்கொள்வோம். 58 என்பது கிழக்கே 76 முதல் 80 பாகை, வடக்கே 8 முதல் 12 பாகை வரை உள்ள பெரிய கட்டம். அதை ஆங்கில எழுத்துகளிட்டுப் பதினாறாகப் பிரித்தார்கள். 'ஐ' என்பது 78-79, 11-12 பாகைகளுக்கு இடைப்பட்டது. அதையும் பதினாறாக வெட்டினால் ஏழாவது துண்டு உங்களுடையது. அதன் கீழ் விளிம்பு 11 பாகை 15 நிமிடம். அதோடு மலை முடியவில்லை. தென்பகுதி 58 ஐ/8-இல் தொடர்கிறது. மேற்குப் பாதைகளை முழுமையாகப் பார்க்க அந்த ஷீட்டும் வேண்டும்.

வயது. 1904-05-இல் இந்திய அளவைப் பணியை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். பல வண்ணத்தில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளோடு (உங்கள் பழுப்புக் கோடுகள்) கூடிய இந்த வகைப் படங்கள் அதற்குப் பிறகு வந்தவை. அதற்கு முந்தியவற்றில் சரிவுகளைக் கறுப்புக் கீற்றுகளால் நிழலடித்திருப்பார்கள். எனவே உங்கள் தாள் அதற்குப் பிந்தியது. அடுத்து, உங்களைக் குழப்பிய அந்தத் திருச்சி. நாமக்கல் தாலுகாவை 1910-இல் சேலத்திலிருந்து எடுத்துத் திருச்சியோடு சேர்த்தார்கள். கோவையிலிருந்து கரூரும் அப்போது திருச்சிக்குப் போனது. 1929-இல் நாமக்கல் மட்டும் சேலத்துக்குத் திரும்பியது. உங்கள் தாத்தா சொன்னதும் சரி, தாள் சொல்வதும் சரி. ஆக, இது அந்த 19 ஆண்டுகளுக்குள் வந்த படம். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: கொல்லிமலையின் வடபகுதி அப்போது ஆத்தூர் தாலுகாவில் இருந்தது. ஆத்தூர் சேலத்தோடேயே நின்றுவிட்டது. ஆகவே மலையின் வடக்கே மாவட்ட எல்லைக்கோடு ஒன்று போக வேண்டும். அது இருந்தால் என் கணக்கு உறுதி.

எண்ணோடு வரும் 'ஆர்' சார்பு உயரம். அந்த இடத்தில் கரை ஓடைப்படுகையிலிருந்து 8 அடி உயரம் என்று பொருள். கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரங்கள் வேறு. அவை முக்கோணக் குறிக்குப் பக்கத்தில் நாலு இலக்கத்தில் இருக்கும்.

பழுப்புக் கோடுகள் 50 அடிக்கு ஒன்று. ஐந்தாவது கோடு தடித்திருக்கும். ஆக, தடித்த கோடு 250 அடிக்கு ஒன்று. புளியஞ்சோலைப் பாதை ஓர் அங்குலத்துக்குள் எத்தனை தடித்த கோடுகளைத் தாண்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மைலில் எத்தனை அடி ஏற்றம் என்பது கைக்கு வந்துவிடும்.

இப்போது, எதை நம்புவது. இந்தக் கோடுகளை எப்படி வரைந்தார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். அது விமானப் படம் இல்லாத காலம். மூன்று கால் மேசையின் மேல் தாளைப் பரப்பி, சர்வேயர் ஒரு முகட்டில் நிற்பார். ஏற்கெனவே முக்கோண அளவையில் நிலை கண்ட மூன்று சிகரங்களைப் பார்வைச் சட்டத்தால் நோக்கிக் கோடிழுப்பார். மூன்று கோடுகளும் சந்திக்கும் புள்ளியே அவர் நிற்கும் இடம். அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு கோயிலுக்கும் ஊருக்கும் மொட்டைப் பாறைக்கும் கோடு இழுப்பார். கிளைனோமீட்டரால் சரிவுக் கோணம் பார்த்து உயரம் கணக்கிடுவார். இப்படிக் கிடைத்த உயரப் புள்ளிகளுக்கு நடுவே, நிலத்தை நேரில் பார்த்தபடியே கையால் கோடுகளை வரைவார். காற்றில் தாள் படபடக்கும். வெயிலில் கண் கூசும். கலாசி எனப்படும் உதவியாள் ஒருவர் குடை பிடிப்பார். இன்னொருவர் எதிர் முகட்டில் கொடியோடு நிற்பார். விளிம்பில் அச்சானது தலைமை அதிகாரியின் பெயர். அந்தச் சரிவுகளில் காலால் ஏறி இறங்கிய கலாசிகளின் பெயர் எந்த ஷீட்டிலும் நான் கண்டதில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது.

அதனால் முகடுகளை நம்புங்கள். சிகரங்கள், கோயில், பெரிய ஓடைகள் கூடும் இடங்கள் இவையெல்லாம் வியக்கத்தக்க துல்லியம். அடர்ந்த சோலைக்குள் பார்வைக் கோடு கிடைக்காது. பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் கோடுகள் அனுமானத்தோடு கலந்தவை. பாதைக்கும் இதே கணக்குதான்: வெட்டவெளியில் சரி, காட்டுக்குள் சற்று முன்பின்.

பாதைக் குறிகளில் வகை உண்டு. மாட்டுவண்டித் தடத்துக்கு இரட்டைக் கோடு, பொதிமாடு அல்லது கழுதை போகும் வழிக்கு நீளமான விட்டு விட்டுப் போகும் கோடு, ஆள் மட்டும் நடக்கும் ஒற்றையடிப் பாதைக்குக் குட்டைக் கோடு அல்லது புள்ளிகள். உங்கள் ஷீட்டில் எது எங்கே மாறுகிறது என்று கவனியுங்கள். நாலு பேர் எப்போதாவது நடந்த தடத்தை அவர்கள் வரைவதில்லை. வரைந்திருக்கிறார்கள் என்றால் அது அன்றே ஊரறிந்த வழி. எனக்கு இந்தப் படத்தில் சமஉயரக் கோடுகளைவிட அந்தச் சிவப்புக் குறிகள்தாம் பெரிது.

வளப்பூர்நாட்டான்

ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எல்லைக்கோடு இருக்கிறது! வடக்கே கோடும் புள்ளியுமாக மலையைக் குறுக்கே வெட்டிப் போகிறது. அதற்கு மேலே 'சேலம்' என்று எழுத்து. இத்தனை நாள் அதை ஏதோ ஓடை என்று எண்ணியிருந்தேன்.

லென்ஸ் வைத்துப் பாதையைத் தொடர்ந்து போனேன். புளியஞ்சோலைப் பக்கம் நீளக் கோடுகளாகத் தொடங்குகிறது. ஓர் ஓடையைத் தாண்டியதும் குட்டைக் கோடுகளாகிவிடுகிறது. ஏற்றம் கடுமையான இடத்தில் ஓர் அங்குலத்துக்குள் தடித்த கோடுகள் மட்டும் ஏழு. நடுவிலுள்ள மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்புப் பூச்சாகவே தெரிகின்றன. பாதை அந்தப் பூச்சுக்குள் இடமும் வலமுமாக நெளிந்து நெளிந்து போகிறது, நேராக ஏறவில்லை. மேலே போனதும் கோடுகள் விலகி, பாதையும் நிமிர்ந்துகொள்கிறது.

பழந்தாள் ஐயா சொன்னபடி விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிழிந்த ஓரத்தில் ஒரு பெயரின் கடைசி எழுத்துகள் 'டர்' என்று முடிகின்றன, அடுத்து ஆர்.இ. என்ற பட்டமும், 'சர்வேயர் ஜெனரல்' என்பதும். ஆண்டு இருந்த இடத்தில் ஓட்டை. இதிலிருந்து ஏதாவது தெரியுமா?

பதில்: சங்கிலிக்காரர்

தெரியும், தம்பி. அந்த 19 ஆண்டுக் காலத்தில் சர்வேயர் ஜெனரல்களாக, அதாவது சர்வே ஆஃப் இந்தியாவின் தலைவர்களாக இருந்தவர்கள் லாங், பரார்ட், ரைடர், டாண்டி, தாமஸ். இவர்களில் 'டர்' என்று முடிவது சார்லஸ் ரைடர் ஒருவர்தான். ஆர்.இ. என்றால் ராயல் என்ஜினியர்ஸ், ராணுவப் பொறியியல் படை. 1904-இல் திபெத்தில் பிரம்மபுத்திராவின் மேல்பகுதியை அளந்த குழுவில் இருந்தவர் இவர். 1919 முதல் 1924 வரை பதவியில் இருந்தார். உங்கள் தாள் அந்த ஐந்தாண்டுக்குள் வெளியானது. களத்தில் அளந்தது அதற்குச் சில ஆண்டுகள் முன்பாக இருக்கும். பனிக்காலத்திலும் வறண்ட மாதங்களிலும் அளப்பார்கள், மழைக்காலத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து மையிட்டு வரைவார்கள், பிறகு துத்தநாகத் தகட்டில் ஏற்றி அச்சு. இதெல்லாம் ஒரே ஆண்டில் முடியாது.

பதில்: அட்சரேகை

கணினியில் பழைய படங்களைப் பொருத்துவது என் வேலை. ஒரு எச்சரிக்கை மட்டும். ஸ்கேன் செய்த ஷீட்டின் நாலு மூலையிலும் பாகை, நிமிடம் அச்சாகியிருக்கும். அதை அப்படியே இன்றைய ஜி.பி.எஸ். எண்களாக உள்ளிட்டால், கொல்லிமலைப் பகுதியில் எல்லாமே ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி விழும். காரணம், அவர்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணக்கு வடிவத்தையும், மத்திய இந்தியாவில் உள்ள கல்யாண்பூரை ஆதாரப் புள்ளியாகவும் கொண்டார்கள். ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு அமைப்பு. மூலைகளைக் கல்யாண்பூர் அமைப்பில் உள்ளிட்டு, மென்பொருளைக் கொண்டு மாற்றுங்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், அதில் இந்த வசதி உண்டு. பிறகு கோயிலையும் ஒரு சிகரத்தையும் வைத்துச் சரிபாருங்கள்.

ஒப்பிடுவதற்கு இன்றைய 1:50,000 ஷீட்டைச் சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்திலிருந்து பதிவிறக்கலாம். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று தனி வரிசை வந்தது. அதன் ஷீட் எண்கள் வேறு. 58 ஐ/7 என்று தேடினால் குழப்பம் வரும், ஊர்ப்பெயரை வைத்துத் தேடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு இந்த அளவுகோலில் தரையில் 32 மீட்டர் அகலம். பாதை இந்தப் புல எண்ணுக்குள்தான் போனது என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வியே இதுதான்.

பதில்: சோளக்காடு டீச்சர்

தம்பி, நானும் மலையில் பிறந்தவள். இங்கே ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பெரியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் படத்திலிருந்து சொன்னார்கள், நான் மண்ணிலிருந்து சொல்கிறேன்.

புளியஞ்சோலைப் பாதை கோயில் பாதை. ஆடிப் பதினெட்டுக்குத் துறையூர்ப் பக்கத்துச் சனம் அதில்தான் ஏறி வரும். வெளியூர்க்காரர்கள் அதிகம் நடப்பதால் யாரிடம் கேட்டாலும் முதலில் அதையே காட்டுவார்கள். சர்வே செய்ய வந்தவர்களுக்கும் அப்படித்தான் காட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் சுமையோடு இறங்கியது மேற்கே, பேளுக்குறிச்சிச் சந்தைக்கும் சேந்தமங்கலத்துக்கும். விடிவதற்கு முன் கிளம்பினால்தான் வெயில் ஏறுவதற்குள் அடிவாரம் சேர முடியும். கடுகு, மிளகு, பலா, வாழைத்தார் எல்லாம் தலையில். வரும்போது உப்பும் துணியும்.

இந்தப் பாதைகள் உங்கள் தாளில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். எங்கள் அம்மா இறங்கிய வழியில் சுமைதாங்கிக் கல் இருக்கிறது. இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்தது. நின்றபடியே தலைச்சுமையை அதன்மேல் தள்ளிவிடலாம், வேறொருவர் கைகொடுக்க வேண்டியதில்லை. குறுக்குக் கல்லின் மேல்பக்கம் கூடையும் மூட்டையும் உராய்ந்து உராய்ந்து வழவழவென்று இருக்கும்; கையால் தடவினாலே தெரியும். அடிப்பக்கம் உளி கொத்திய சொரசொரப்பு அப்படியே இருக்கும். ஆள் நடக்காத இடத்தில் யாரும் இப்படிக் கல் நடுவதில்லை.

எண்பது வயது தாண்டிய பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து "பாதை எங்கே?" என்று கேட்டால் சரியாக வராது. முடிந்தவரை அந்த வழியிலேயே கூட்டிப்போங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெயர் சொல்வார்கள். அதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்.

பதில்: சங்கிலிக்காரர்

டீச்சர் அம்மா, உங்கள் பதிவு இந்த மனுவுக்கே முதுகெலும்பு. என் சர்வீஸில் எத்தனையோ தகராறுகளில் கண்டது இதுதான்: தாளும் கல்லும் ஒன்றையே சொன்னால் மறுப்பவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

தம்பி, மனுவைப் பற்றி. 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளில் 13-ஆம் விதி, எவையெல்லாம் ஆதாரம் என்று பட்டியலிடுகிறது. கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு), மக்கள்தொகைக் கணக்கு, அளவை மற்றும் செட்டில்மென்ட் (நில உரிமை நிர்ணய) அறிக்கை, வரைபடம், செயற்கைக்கோள் படம் எல்லாம் அதில் வருகின்றன. எனவே உங்கள் ஷீட் தாராளமாகச் செல்லும். ஆனால் அதே விதி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரங்களைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது. மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிவுசெய்தால் அதுவும் ஆதாரம். ஊரார் அமைத்த கட்டுமானங்களின் எச்சங்களுக்கும் இடம் உண்டு. சுமைதாங்கிக் கல்லுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொரு கல்லுக்கும் ஜி.பி.எஸ். எண் எடுங்கள், மேல்பக்கத் தேய்மானம் தெரிகிற மாதிரி புகைப்படம் எடுங்கள். கிராம சபையின் வன உரிமைக் குழு நேரில் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

அட்சரேகை தம்பி சொன்ன 32 மீட்டர் விஷயம் மிகச் சரி. ஆகையால் மனுவில் வாசகத்தைக் கவனமாக அமையுங்கள். "இந்த வரைபடப்படி பாதை இன்ன இடத்தில் உள்ளது" என்று எழுதாதீர்கள். "இன்ன ஊருக்கும் இன்ன ஊருக்கும் இடையே பாதை இருந்ததை 1919-24-க்குள் வெளியான அரசு வரைபடம் காட்டுகிறது, அது தரையில் போகும் இடத்தை இக்கற்களும் இப்பெரியவர்களின் வாக்குமூலமும் காட்டுகின்றன" என்று எழுதுங்கள். இருந்தது என்பதற்கு வரைபடம், எங்கே என்பதற்குக் கல். இரண்டையும் கலந்தால் இரண்டும் பலவீனமாகும்.

பழங்குடியினர் அல்லாத வனவாசிகளுக்குத்தான் மூன்று தலைமுறை, 75 ஆண்டு நிபந்தனை. சேலம், திருச்சி உள்ளிட்ட மாவட்டங்களின் மலையாளிகள் (கேரளத்தவர் அல்ல, உங்களைப் போன்ற மலைவாழ் மக்கள்) பட்டியல் பழங்குடியினர். உங்களுக்கு 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வனத்தில் வசித்து வாழ்வாதாரத்துக்கு அதை நம்பியிருந்தது போதும். எனவே தாளின் வயதை நிறுவுவதிலேயே ஆற்றலைச் செலவழிக்காதீர்கள். அது கூடுதல் பலம், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய ஆதாரம் ஒன்று இருக்க வாய்ப்புண்டு. காப்புக்காடு என்பது ஒரே நாளில் அறிவிக்கப்படுவது அல்ல. 1882 சென்னை வனச் சட்டப்படி முதலில் உத்தேச அறிவிப்பு வரும். பிறகு வன செட்டில்மென்ட் அதிகாரி ஊராரின் கோரிக்கைகளைக் கேட்டு விசாரிப்பார். வழிநடை, நீர், மேய்ச்சல் எல்லாம் அதில் அடக்கம். அதன் பிறகுதான் 16-ஆம் பிரிவின்கீழ் இறுதி அறிவிப்பு. அந்த விசாரணையில் ஏற்றுக்கொண்ட பாதை உரிமைகள் ஆணையில் பதிவாகியிருக்கும். உங்கள் பாதைகளில் ஏதாவது ஒன்று அதில் இருந்துவிட்டால், அது அரசே எழுதிக்கொடுத்த ஒப்புதல்.

அதைத் தேடும் இடத்தில்தான் உங்கள் தாளின் 'ட்ரிச்சினோபொலி' கைகொடுக்கிறது. இன்று நாமக்கல்லில் கேட்டால் சேலத்துக்குப் போ என்பார்கள். சேலத்தில் இல்லையென்றால் எல்லோரும் கைவிட்டுவிடுவார்கள். உங்கள் ஷீட்டில் காப்புக்காட்டு எல்லை போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தக் காடு அளவை நடப்பதற்கு முன்பே அறிவிக்கப்பட்டது என்று பொருள். 1910-க்கு முந்திய அறிவிப்பு சேலம் மாவட்ட அரசிதழில் இருக்கும். 1910 முதல் 1929 வரை என்றால் திருச்சி மாவட்ட அரசிதழில் தேட வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இரண்டு மாவட்டங்களின் பெயரிலும் கேளுங்கள். விண்ணப்பத்தில் மலையின் பெயரை மட்டும் எழுதினால் தேடித் தருவது சிரமம். காப்புக்காட்டின் பெயர், தாலுகா, உத்தேச ஆண்டு மூன்றையும் எழுதுங்கள்.

வளப்பூர்நாட்டான்

ஐயா, பார்த்துவிட்டேன். கிழக்குச் சரிவில் காப்புக்காட்டு எல்லை இருக்கிறது. ஆங்கிலத்தில் காட்டின் பெயரும் இருக்கிறது. மேற்கில் ஒரு துண்டு மட்டும் அப்போது வெறும் புதர்க்காடாகவே காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே கிழக்குக்கு 1910-க்கு முந்திய சேலம் அரசிதழையும் அதற்குப் பிந்திய திருச்சி அரசிதழையும் கேட்கிறேன். மேற்குத் துண்டு ஷீட்டுக்குப் பிறகு அறிவிக்கப்பட்டதாக இருக்கலாம் என்பதால் அதற்கு 1929-க்குப் பிந்திய சேலம் அரசிதழையும் சேர்த்துக்கொள்கிறேன்.

டீச்சர் அம்மா, சுமைதாங்கிக் கல் இருக்கும் வழியை எங்களுக்குக் காட்ட வேண்டும். வன உரிமைக் குழுவில் உள்ள நாலு பேரோடு வருகிறோம். பாட்டிமார் வருவதாக இருந்தால் ஏற்றம் குறைந்த பகுதியோடு நிறுத்திக்கொள்வோம்.

மேற்குப் பாதைகளில் இரண்டு, என் ஷீட்டின் கீழ் விளிம்பில் அறுந்து நிற்கின்றன. 58 ஐ/8-இன் பழைய பதிப்பு யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். அசல் வேண்டாம், மேல் விளிம்பின் ஸ்கேன் கிடைத்தாலே போதும்.